பேத்தி திருத்திய ஆண்டு: விக்கிப்பீடியாவை யார் ஆள்கிறார்கள்?

மறைந்த பாடகர் ஒருவரைப் பற்றி விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிறந்த ஆண்டு 1931 என்று அதில் போட்டிருக்கிறது. அவருடைய பேத்தி தற்செயலாக அதைப் பார்க்கிறார். தாத்தாவின் பள்ளிச் சான்றிதழ் வீட்டு அலமாரியில் இருக்கிறது, அதில் 1929. 'தொகு' என்பதை அழுத்தி, எண்ணை மாற்றி, சேமித்துவிட்டு எழுந்துபோகிறார். பத்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால் மறுபடியும் 1931. முன்பின் தெரியாத ஒருவர் அந்தத் திருத்தத்தை மீளமைத்திருக்கிறார். காரணம் என்று மூன்றே சொற்கள்: "சான்று இல்லாத மாற்றம்."

சொந்தத் தாத்தாவின் வயது பேத்திக்குத் தெரியாதா? அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் மீளமைத்தவரும் விதிப்படிதான் நடந்திருக்கிறார். இது எப்படி என்று புரிந்தால், விக்கிப்பீடியாவின் சட்டதிட்டங்களில் பாதி புரிந்த மாதிரி.

மீளமைத்தவரின் நாற்காலியில் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். அவர் முன்னால் ஓடிக்கொண்டிருப்பது 'அண்மைய மாற்றங்கள்' பட்டியல். யாரோ எங்கிருந்தோ எதையோ மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு வரியாக வந்து விழுகிறது. யாராவது வசைச்சொல் எழுதினால் உடனே கண்ணில் படும். எண்ணை மாற்றினால் படாது. 1931-ஐ 1929 ஆக்கியவர் பேத்தியாகவும் இருக்கலாம், பொழுது போகாமல் பத்துக் கட்டுரைகளில் ஆண்டுகளைக் கலைத்துவிட்டுப் போகும் விஷமியாகவும் இருக்கலாம். திரையில் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். அதனால் "நீங்கள் யார்?" என்று இந்தக் கலைக்களஞ்சியம் கேட்பதே இல்லை. "இதை நான் எங்கே போய்ப் பார்க்கலாம்?" என்று மட்டும்தான் கேட்கிறது.

"நீங்கள் யார்?" என்று கேட்டு நடத்திப் பார்த்த காலமும் உண்டு. விக்கிப்பீடியாவுக்கு முன்னால், 2000-ஆம் ஆண்டு மார்ச்சில், ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் நியூபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். துறை வல்லுநர்கள் எழுதுவார்கள், வல்லுநர்களே சரிபார்ப்பார்கள், ஏழு கட்டங்கள் தாண்டித்தான் ஒரு கட்டுரை வெளியாகும் என்பது ஏற்பாடு. 2003-இல் அது மூடப்பட்டபோது முழுமையாக முடிந்திருந்த கட்டுரைகள் இருபத்தைந்து அளவில்தான். அந்த ஏழு கட்டங்களுக்கு வேண்டிய வரைவுகளை வேகமாகத் திரட்டலாமே என்று பக்கவேலையாக 2001 ஜனவரி 15 அன்று திறக்கப்பட்டதுதான் விக்கிப்பீடியா. முதல் ஆண்டு முடிவதற்குள் அதில் சுமார் 20,000 கட்டுரைகள் சேர்ந்துவிட்டன.

பட்டத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதும் பிறகு ஒருமுறை தெரியவந்தது. ஆங்கில விக்கிப்பீடியாவில் தொகுப்பாளர்களின் சச்சரவுகளை விசாரிக்கும் நடுவர் குழு வரை உயர்ந்த ஒருவர், தன்னை இறையியல் பேராசிரியர் என்று சொல்லிக்கொண்டார். கட்டுரைகள் மீதான வாதங்களிலும் அந்தத் தகுதியை முன்வைத்துப் பேசினார். 2006-இல் ஒரு பெரிய அமெரிக்க இதழ் அவரைப் பேராசிரியர் என்றே எழுதியது. 2007-இல் உண்மை வெளியானபோது, அவர் உயர்பட்டம் எதுவும் இல்லாத 24 வயது இளைஞர். இனிமேல் தகுதிச் சான்றுகளைச் சரிபார்க்கலாமா என்று வேல்ஸ் கேட்டார், தொகுப்பாளர்கள் ஏற்கவில்லை. யார் சொன்னாலும் சான்று காட்டவேண்டும் என்பது மாறாமல் இருந்தால், சொல்பவர் போலியா அசலா என்பது அவ்வளவு பெரிய கேள்வியாக இருக்காது என்பதே அவர்கள் வாதம். அது சரியான முடிவு என்றே நானும் நினைக்கிறேன்.

உள்ளடக்கத்தைக் கட்டியாளும் விதிகள் மூன்று: நடுநிலை நோக்கு, மெய்யறிதன்மை, சொந்த ஆய்வு கூடாது. நடுநிலை என்றால் இரு தரப்புக்கும் பாதிப் பாதி இடம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நம்பகமான நூல்களும் இதழ்களும் ஒரு கருத்துக்கு எவ்வளவு எடை தருகின்றனவோ, கட்டுரையும் அவ்வளவே தரவேண்டும். பூமி தட்டை என்று சொல்பவர்களுக்கும் இயற்பியலாளர்களுக்கும் சம வரிகள் கிடையாது. மெய்யறிதன்மை என்பது, எழுதியதைப் படிப்பவர் தானே போய்ச் சரிபார்த்துக்கொள்ளும் நிலை. சொந்த ஆய்வு கூடாது என்பது, ஏற்கெனவே எங்கேயும் அச்சேறாத முடிவை இங்கே முதல்முறையாக அறிவிக்காதே என்பது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், எது உண்மை என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை விக்கிப்பீடியா வெளியே தள்ளிவிட்டிருப்பது புரியும். உண்மையைப் பற்றி யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தொகுப்பது மட்டுமே அதன் வேலை.

இந்தப் பிடிவாதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2012-இல் நடந்த ஒன்று. அமெரிக்க நாவலாசிரியர் பிலிப் ராத், தன் நாவல் ஒன்றின் நாயகன் இன்ன மனிதரை மனத்தில் வைத்து உருவானவன் என்று விக்கிப்பீடியா சொல்வது தவறு என்றார். விமர்சகர்கள் அப்படி எழுதியிருந்தார்கள். கட்டுரை அதை எடுத்துச் சொல்லியிருந்தது. நீக்கச் சொல்லி அவர் தரப்பிலிருந்து கேட்டபோது, எழுதியவரே தன் படைப்பின் பெரிய அதிகாரி என்பது புரிகிறது, ஆனாலும் எங்களுக்கு வேறு சான்று வேண்டும் என்று பதில் வந்தது. ராத் ஓர் இதழின் இணையதளத்தில் நீண்ட திறந்த மடல் எழுதினார். அந்த மடல் வெளியானதும் அதுவே சான்றானது. அவர் மறுப்பு கட்டுரைக்குள் சேர்ந்தது. கேட்டால் அபத்தம் போலத் தோன்றும். ஆனால் மின்னஞ்சல் அனுப்பியவர் உண்மையில் அவர்தானா என்று ஒரு தன்னார்வலர் எப்படித் தெரிந்துகொள்வார்? மடல் வெளியான பிறகு அந்தச் சந்தேகம் யாருக்கும் வேண்டாம். அலமாரியில் இருக்கும் சான்றிதழுக்கும் வெளியான ஒரு பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

ஆனால் வெளி உலகத்தின் ஆவணங்களை நம்பி நிற்கும் அமைப்பு, அந்த உலகத்தின் ஓரவஞ்சனையையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறது. டோனா ஸ்டிரிக்லண்ட் 2018 அக்டோபரில் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். 55 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பரிசைப் பெற்ற பெண். அறிவிப்பு வந்த காலையில் விக்கிப்பீடியாவில் அவருக்கென்று ஒரு கட்டுரை இல்லை. அதே ஆண்டு மே மாதம் ஒருவர் எழுதிச் சமர்ப்பித்த வரைவு, போதிய சான்றுகள் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. குறிப்பிடத்தக்கமை என்ற விதியின்படி, ஒருவரைப் பற்றி அவர் சார்பில்லாதவர்கள் விரிவாக எழுதியிருக்க வேண்டும். பத்திரிகைகள் அந்த அறிவியலாளரை அதுவரை கண்டுகொள்ளவே இல்லை, கலைக்களஞ்சியமும் கண்டுகொள்ளவில்லை. அந்த நேரத்தில் ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கை வரலாறுகளில் பெண்களுடையவை சுமார் 18 சதவீதம். விதியைப் படித்தால் ஆண், பெண் என்ற பேச்சே அதில் இருக்காது. சான்று எங்கே குவிகிறதோ அங்கே கட்டுரையும் குவிகிறது. அச்சுப் பண்பாடு மெலிந்த மொழிகளுக்கும், அறிவை வாய்மொழியாகவே வைத்திருக்கும் சமூகங்களுக்கும் இதே அநீதி நடக்கிறது. வாய்மொழிச் சாட்சியத்தையும் சான்றாக ஏற்கலாமா என்று 2011-இல் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒரு முயற்சி நடந்தது. பொது விதியாக அது இன்னும் மாறவில்லை. மாறவேண்டும் என்பது என் விருப்பம். எப்படி மாற்றுவது என்பதற்கு எளிய விடை என்னிடம் இல்லை.

சான்றே ஏமாற்றும் நிலையும் உண்டு. 2009 பிப்ரவரியில் ஜெர்மனியில் குட்டன்பெர்க் என்பவர் பொருளாதார அமைச்சரானார். பிரபுக் குடும்பம்; வரிசையாக நீளும் முன்பெயர்கள். யாரோ ஒருவர் ஜெர்மன் விக்கிப்பீடியாவில் அந்த வரிசைக்கு நடுவே 'வில்ஹெல்ம்' என்று ஒரு பெயரைச் செருகினார். மறுநாள் பெரிய செய்தித்தாள்கள் அதை அப்படியே அச்சிட்டன. சந்தேகப்பட்டுப் பெயரை நீக்கப்போனபோது, இதோ செய்தித்தாளில் இருக்கிறதே என்று அந்தச் செய்தியே சான்றாக நீட்டப்பட்டது. சான்று கேட்கும் விதி அங்கே எழுத்துப் பிசகாமல் பின்பற்றப்பட்டது. ஆனால் அந்தச் சான்று புறப்பட்ட இடமே இந்தப் பக்கம்தான்.

விதிகள் எதுவும் யாரோ உட்கார்ந்து முதலிலேயே எழுதிவைத்தவை அல்ல. தொடக்கத்தில் சாங்கர் முன்வைத்த விதிகளில் ஒன்று, விதிகள் உங்களைக் கலக்கமடையச் செய்தால் அவற்றை மறந்துவிட்டு வேலையைப் பாருங்கள் என்பது. பெரும்பாலான விதிகள் ஏதோ ஒரு காயத்தின் தழும்பு. 2005-இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகந்தாலரின் கட்டுரையில், கென்னடி கொலைகளில் அவருக்குத் தொடர்பு இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டதாக ஒருவர் பெயர் மறைத்துப் பொய் எழுதினார். நான்கு மாதத்துக்கு மேல் அது யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. சீகந்தாலர் நாளிதழில் அதைப் பற்றி எழுதியதும் புயல் கிளம்பியது. அந்த டிசம்பரிலேயே கணக்கு இல்லாதவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதுக் கட்டுரை தொடங்கும் வசதி நிறுத்தப்பட்டது. வாழும் மனிதர்களைப் பற்றிய தனி விதி உருவானதும் அதைத் தொடர்ந்துதான்: சான்றில்லாத அவதூறு வரியை யாரும் விவாதத்துக்குக் காத்திராமல் உடனே நீக்கலாம்.

சரி, இரண்டு பேர் முட்டிக்கொண்டால்? பேத்தி மறுபடி 1929 என்று மாற்றுகிறார், மீளமைத்தவர் மறுபடி 1931 ஆக்குகிறார். இதற்குத் தொகுப்புப் போர் என்று பெயர். ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைப்பவர் தடை செய்யப்படுவார். அவர் சொல்வது சரியாகவே இருந்தாலும் தடைதான். அந்த விதி இருவரையும் கட்டுரையிலிருந்து உரையாடல் பக்கத்துக்கு விரட்டுகிறது. அங்கேதான் இந்தக் கலைக்களஞ்சியத்தின் ஆட்சி நடக்கிறது. கட்டுரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அந்தப் பக்கத்தைப் பெரும்பாலான வாசகர்கள் ஒருமுறைகூடத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

அங்கே முடிவு எடுக்கும் முறைக்கு இணக்க முடிவு என்று பெயர். வாக்கெடுப்பு மாதிரி தெரியும், ஆனால் வாக்கெடுப்பு இல்லை. ஒரு கட்டுரையை நீக்கலாமா என்ற விவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் திறந்திருக்கும். 'வைத்திரு' என்று பதினொரு பேர் எழுதுகிறார்கள். அதில் ஒன்பது பேர் சொல்லும் காரணம் "இவர் ரொம்பப் பிரபலம்". 'நீக்கு' என்று மூன்று பேர். அவர்கள் கட்டுரையில் உள்ள ஏழு இணைப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, எல்லாமே அந்த ஆளின் சொந்த விளம்பரம் என்று காட்டுகிறார்கள். விவாதத்தை முடித்துவைக்கும் நிர்வாகி தலைகளை எண்ணக்கூடாது. வாதங்களை விதியோடு ஒப்பிட்டு எடைபோட வேண்டும். கட்டுரை நீக்கப்படலாம். தோற்ற பதினொரு பேருக்கும் இது அநியாயமாகத் தெரியும். தலை எண்ணத் தொடங்கினால் என்ன ஆகும் என்று யோசித்தால்தான் இதன் அருமை புரியும். கூலிக்கு எழுதும் கூட்டம் நூறு கைப்பாவைக் கணக்குகளை ஓர் இரவில் உருவாக்கிவிடும். 2015-இல் ஆங்கில விக்கிப்பீடியா ஒரே விசாரணையில் அப்படிப்பட்ட 381 கணக்குகளைத் தடை செய்தது.

நிர்வாகி என்ற சொல் ஆளை மயக்கும். அவரிடம் இருப்பவை சில கூடுதல் பொத்தான்கள்: பக்கத்தை நீக்கலாம், பூட்டலாம், பயனரைத் தடுக்கலாம். எதைச் செய்தாலும் பதிவேட்டில் நேரத்தோடு விழும். இன்னொரு நிர்வாகி அதை மாற்றலாம். கட்டுரையில் எந்த ஆண்டு இருக்கவேண்டும் என்று சொல்வதில் அவர் பேச்சுக்கும் நேற்றுச் சேர்ந்தவர் பேச்சுக்கும் எடை ஒன்றுதான், குறைந்தபட்சம் எழுத்தில். ஆங்கில விக்கிப்பீடியாவில் 2004-இல் வேலையைத் தொடங்கிய நடுவர் குழுவும் அப்படித்தான். அதன் உறுப்பினர்களைத் தொகுப்பாளர்களே தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள். நடத்தையைப் பற்றி அது தீர்ப்பளிக்கும். உள்ளடக்கத்தைப் பற்றி அளிக்காது. நிறுவனரும் விலக்கல்ல. 2010-இல், விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்துவைக்கும் பொதுவகம் என்ற தளத்தில் வேல்ஸ் தானாகவே படங்களை நீக்கியபோது கிளம்பிய எதிர்ப்பில், தன் சிறப்பு அதிகாரங்களில் பலவற்றை அவரே கைவிட்டார். ஆகக் கடைசியில் உள்ளடக்கத்தை முடிவுசெய்பவர் யார் என்று தேடிக்கொண்டே போனால், அந்த நாற்காலி காலியாகவே இருக்கிறது. காலியாக இருக்க வேண்டும் என்றுதான் மற்ற எல்லா விதிகளும் பாடுபடுகின்றன.

இதற்கு மேல் விக்கிமீடியா அறக்கட்டளை இருக்கிறது. 2003-இல் தொடங்கப்பட்டது. வழங்கிகள் (சர்வர்கள்), மென்பொருள், வழக்குகள், நன்கொடை எல்லாம் அதன் பொறுப்பு. கட்டுரை எழுதுவது இல்லை. இந்த எல்லைக்கோட்டை மிதித்தால் என்ன நடக்கும் என்பதை 2019 ஜூன் காட்டியது. ஆங்கில விக்கிப்பீடியாவின் நிர்வாகி ஒருவரை அறக்கட்டளை நேரடியாக ஓராண்டுக்குத் தடை செய்தது. புகார் என்ன, ஆதாரம் என்ன என்று சமூகத்துக்குச் சொல்லவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட நிர்வாகிகள் பொறுப்பைத் துறந்தார்கள். கடைசியில் விவகாரம் நடுவர் குழுவிடம் வந்தது. செப்டம்பரில் அது தடையை நீக்கியது, ஆனால் நிர்வாகி பொறுப்பைத் திருப்பித் தரவில்லை. புகார் கொடுத்தவரைப் பாதுகாக்க ரகசியம் தேவை என்பதும் உண்மை. ரகசிய விசாரணையை இங்கே யாரும் ஏற்கமாட்டார்கள் என்பதும் உண்மை. 2021-இல் எல்லா மொழிகளுக்கும் பொதுவான நடத்தை நெறி வந்தபிறகும் இந்த முரண் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. 2025 ஜூனில் செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்கங்களைக் கட்டுரைகளின் தலையில் வைத்துப் பார்க்க அறக்கட்டளை முயன்றபோதும் தொகுப்பாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். சோதனை நிறுத்தி வைக்கப்பட்டது.

எதிர்த்து நிற்க ஆள் இருந்ததால் இவை நடந்தன. என் கவலை, ஆள் இல்லாத விக்கிப்பீடியாக்களைப் பற்றியது. ஒவ்வொரு மொழிப் பதிப்பும் தன்னைத் தானே ஆள்கிறது. விதிகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றைக் காவல் காக்கும் கண்கள்தான் எண்ணிக்கையில் மாறுகின்றன. குரோவாசிய விக்கிப்பீடியா ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஒரு சிறு தீவிர தேசியவாதக் கூட்டத்தின் கையில் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் அந்நாட்டு உஸ்தாசா ஆட்சி செய்த கொடுமைகளை மழுப்பினார்கள். கேள்வி கேட்டவர்களை, நிர்வாகிப் பொத்தானையே ஆயுதமாக்கி, ஒருவர் பின் ஒருவராகத் தடுத்தார்கள். 2013-இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சரே மாணவர்களை அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றார். அறக்கட்டளையின் விரிவான ஆய்வறிக்கை வெளிவந்தது 2021-இல். நடுநிலை நோக்கு, சான்று, இணக்க முடிவு எல்லாம் அந்தப் பத்து ஆண்டும் அங்கே எழுத்தில் இருந்தன. இணக்கம் காண்பவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நின்றால் அது கும்பலின் முடிவுதான்.

ஸ்காட்லாந்தில் பேசப்படும் ஸ்காட்ஸ் மொழிப் பதிப்பில் நடந்தது வேறு மாதிரி. அங்கே கெட்ட எண்ணம்கூட இல்லை. அந்த மொழி தெரியாத அமெரிக்கப் பதின்ம வயதினர் ஒருவர் ஆர்வத்தில், ஆங்கிலச் சொற்களின் எழுத்தைத் திரித்தும் அகராதியைப் பார்த்தும் பல ஆண்டுகளாக 20,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை எழுதிக்கொண்டே போனார். தடுத்துச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. 2020-இல்தான் உலகம் கவனித்தது. அதன்பிறகு அவர்மேல் கொட்டப்பட்ட வசை தேவையற்றது. கேட்கவேண்டிய கேள்வி, அத்தனை ஆண்டுகள் அந்த மொழி பேசுகிறவர்கள் எங்கே இருந்தார்கள் என்பது.

2010 வாக்கில் கூகுள் பணம் கொடுத்துப் பல இந்திய மொழி விக்கிப்பீடியாக்களில் மொழிபெயர்ப்புக் கட்டுரைகளைக் குவித்தபோது, வங்காளப் பதிப்பு அவற்றை ஏற்க மறுத்தது. தமிழ்ப் பதிப்பின் பயனர்கள் நடையையும் தலைப்புத் தேர்வையும் பற்றிக் கேள்வி எழுப்பி, அந்த விமர்சனத்தை விக்கிமேனியா மாநாடு வரை கொண்டுபோனார்கள். எண்ணிவிடக்கூடிய சிலர்தான் அவர்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் பொது விவாதம் நடக்கும் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர். மரத்தடியில் எத்தனை பேர் வந்து உட்கார்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அங்கே எடுக்கும் முடிவுக்கு மதிப்பு.

வருகிறவர்களை விரட்டுவதும் விதிகள்தான் என்பது இதில் வலிக்கும் பகுதி. ஆங்கில விக்கிப்பீடியாவில் தீவிரமாகத் தொகுப்பவர்கள் 2007-இல் 51,000 அளவில் இருந்தார்கள். 2013-இல் 31,000 ஆகக் குறைந்தார்கள். ஆய்வாளர்கள் கண்ட காரணம் சிந்திக்க வேண்டியது: விஷமிகளைத் தடுக்கக் கட்டிய தானியங்கிக் கருவிகளும் அச்சடித்த எச்சரிக்கைகளும், நல்ல எண்ணத்தோடு வந்த புதியவர்களின் முதல் திருத்தத்தையும் தட்டிவிட்டன. அவர்கள் திரும்ப வரவில்லை. புதியவர்களைக் கடிக்காதீர் என்பதும், எதிராளி நல்லெண்ணத்தோடு செய்ததாகவே கொள்க என்பதும் அதே விதிப் புத்தகத்தில்தான் இருக்கின்றன. மீளமைக்க ஒரு நொடி போதும். விளக்க ஐந்து நிமிடம் வேண்டும். பட்டியலோ ஓடிக்கொண்டே இருக்கிறது.

பிடிக்காவிட்டால் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு வெளியேறும் உரிமையும் உண்டு. உள்ளடக்கம் கட்டற்ற உரிமத்தில் இருப்பதால் யாரும் நகலெடுத்துத் தனியே நடத்தலாம். 2002 பிப்ரவரியில் விளம்பரங்கள் வரக்கூடும் என்ற பேச்சு எழுந்ததும் ஸ்பானியத் தொகுப்பாளர்கள் பலர் அப்படியே பிரிந்துபோய்த் தனிக் கலைக்களஞ்சியம் நடத்தினார்கள். விக்கிப்பீடியாவில் இன்றுவரை வணிக விளம்பரம் வரவில்லை.

பேத்தியிடம் திரும்புவோம். அவர் உரையாடல் பக்கத்தில் எழுதுகிறார்: "இவர் என் தாத்தா. சான்றிதழ் எங்களிடம் இருக்கிறது. ஏன் அழித்தீர்கள்?" மீளமைத்தவர் இந்த முறை உட்கார்ந்து பதில் எழுதுகிறார்: "வணக்கம். உங்களை நம்பவில்லை என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். வீட்டில் இருக்கும் ஆவணத்தை வாசகர் யாரும் பார்க்க முடியாது, அதனால்தான். அவர் மறைந்தபோது ஏதாவது இதழில் கட்டுரை வந்ததா? சபை மலர், நினைவு மலர் ஏதாவது இருந்தாலும் போதும்." இரண்டு நாள் கழித்து பேத்தி ஒரு பழைய இசை இதழின் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் தருகிறார், அதில் 1929 என்று இருக்கிறது. 1931 என்று சொல்லும் நூல் ஒன்றும் இருப்பதால், இரண்டில் ஒன்றைத் தானாகத் தேர்ந்தெடுக்க விதி இடம் தராது. கட்டுரையில் இப்போது "1929 அல்லது 1931" என்று இருக்கிறது. அடிக்குறிப்பில் எந்த நூல் எதைச் சொல்கிறது என்று இரண்டு வரி. பேத்திக்கு முழுத் திருப்தி இல்லை. அந்தப் பக்கத்தைத் தன் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துவைத்திருக்கிறார்.